ஒரிஜின் சான்றிதழைக் கூட்ட மேசைக்குக் கொண்டுவாருங்கள்: ஆசியான்–இந்தியப் பொருளாதார அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசியான் பொருளாதார அமைச்சர்களுக்கும், இந்திய வணிகம் மற்றும் தொழில் துறை அமைச்சருக்கும்,

வணக்கம்.

ஆசியான்–இந்தியச் சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் போகிற, வருகிற சரக்குக்கு, அது எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் ஒரிஜின் சான்றிதழ் தயாரிப்பவர்கள், அதற்கான செலவுக் கணக்கைப் போடுபவர்கள், துறைமுகத்தில் அதைக் காட்டிச் சலுகை வரி கேட்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயத்துக்கு முதலிடம் கேட்கிறோம். ஏ.ஐ. படிவம் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சான்றிதழும் அதைச் சுற்றியுள்ள விதிகளும்தான் அது.

ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் செமராங்கில் கூடியபோது அதை மறுஆய்வு செய்து 2025க்குள் முடிப்பது என்று இலக்கு வைத்தீர்கள். கூட்டுக் குழுவும் எட்டு துணைக் குழுக்களும் புத்ரஜெயாவிலும் ஜகார்த்தாவிலும் புதுதில்லியிலும் மாறி மாறிப் பேசின. பத்திரிகைகளில் இது பற்றி வருவதெல்லாம் வர்த்தகப் பற்றாக்குறைதான். 2023-24இல் இருதரப்பு வர்த்தகம் சுமார் 12,200 கோடி டாலர்; அதில் இந்தியாவின் ஏற்றுமதி ஏறத்தாழ 4,100 கோடி, இறக்குமதி ஏறத்தாழ 8,000 கோடி. இந்த இடைவெளி பெரிய கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீத வரி என்று எவ்வளவு பேரம் பேசினாலும், சான்றிதழ் துறைமுகத்தில் செல்லாமல் போனால் அந்தச் சதவீதம் யாருக்கும் கிடைப்பதில்லை. செல்லக்கூடாத சான்றிதழ் செல்லுபடியாகிவிட்டால் உள்நாட்டு உற்பத்தியாளர் அடிபடுகிறார். இரண்டும் இப்போது ஒருசேர நடக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒரே விதிகள்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறோம் என்றால், சென்னையில் இருக்கும் சுங்க அதிகாரிக்கோ ஹனோயில் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரிக்கோ இந்த விதியை மாற்ற அதிகாரம் இல்லை. துணைக் குழு பேசலாம், கூட்டுக் குழு பரிந்துரைக்கலாம். எல்லாத் தரப்பையும் கட்டுப்படுத்தும் முடிவு உங்கள் மேசையில்தான் எடுக்கப்பட வேண்டும். அமைச்சர்கள் மட்டத்துக் குழு நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருந்தபோது, மூன்று நாட்டு அமைச்சர்கள் அடங்கிய ஆணையம் 2001 ஜூலை 31 அன்று முதலீட்டு அத்தியாயத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. ஒப்பந்த வாசகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அந்த விளக்கம் தீர்ப்பாயங்களைக் கட்டுப்படுத்தியது. அதே ஆணையம் பின்வந்த ஆண்டுகளில் பல பொருள்களின் ஒரிஜின் விதிகளைத் தளர்த்தவும் செய்தது. இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சாஃப்டா எனப்படும் தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில், அமைச்சர்கள் குழு ஆண்டுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 2014 காத்மாண்டு உச்சிமாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் கூடவே இல்லை; அந்த முடக்கம் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு மட்டத்துக்கும் இறங்கிவிட்டது. நீங்கள் தவறாமல் கூடுகிறீர்கள். கூடுவதன் பலன் கடைசித் தாள்வரை இறங்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

முதலில் 35 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். முழுக்க ஒரு நாட்டிலேயே விளையாத, கிடைக்காத பொருளுக்கு இந்த ஒப்பந்தம் இரட்டைச் சோதனை வைக்கிறது. எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும்வரையான விலையில், குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும். அத்துடன், வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் எச்.எஸ். எனும் உலகப் பொது வகைப்பாட்டுத் துணைத் தலைப்பு, அதாவது ஆறு இலக்க எண், தயாரான பொருளில் மாறியிருக்கவும் வேண்டும். ஆசியான் நாடுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒப்பந்தத்தின் பொதுவிதி 40 சதவீதம் அல்லது நான்கு இலக்கத் தலைப்பு மாற்றம், இரண்டில் ஒன்று போதும் என்கிறது. இங்கே இரண்டும் வேண்டும். சில பொருள்களுக்கு இது மிகக் கடுமை. சிலவற்றுக்கு ஒரு தடையே இல்லை.

முழு மிளகு 0904.11. அதையே அரைத்தால் 0904.12. அரவை இயந்திரம் ஒன்று போதும், துணைத் தலைப்பு மாறிவிடும். அங்கே காவல் காப்பது 35 சதவீதம் மட்டும்தான். கணினி உதிரி பாகங்களுக்கு 8473.30 என்று ஒரே எண். அதில் வரும் உள் பாகங்களுக்கும் பெரும்பாலும் அதே எண். வெளியிலிருந்து வந்த சிறு பாகங்களைச் சேர்த்து, பாதிக்கும் மேல் மதிப்பைத் தொழிற்சாலையிலேயே கூட்டினாலும் எண் மாறாது, சான்றிதழ் கிடைக்காது. ஒரே விதியை மிளகுக்கும் கணினிப் பலகைக்கும் போட்டதால் வந்த வினை இது. இந்த இடத்தை நிரப்பத்தான் பொருள்வாரி விதிகள் என்ற இணைப்பு இருக்கிறது. மறுஆய்வில் அதை எத்தனை பக்கம் நிரப்புகிறீர்கள் என்பதைவிட எந்தப் பொருளிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். ரசாயனங்களுக்கு வேதிவினை நடந்ததா என்பதே சரியான சோதனை; மதிப்புக் கணக்கு அங்கே குழப்பத்தைத்தான் கூட்டும். உலோகங்களுக்கு உருக்கியதா, வார்த்ததா, இழுத்ததா என்ற செய்முறைச் சோதனை வேண்டும்.

உலோகத்தை ஏன் தனியாகச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு டன் செம்புக் குழாயின் எஃப்.ஓ.பி. விலை 10,000 டாலர் என்று வையுங்கள். அதற்குப் போன கேத்தோடு, அதாவது சுத்திகரித்த செம்புத் தகடு, வெளிநாட்டிலிருந்து 8,800 டாலருக்கு வந்தது. மீதி 1,200 டாலருக்குள் கூலி, மின்சாரம், தேய்மானம், லாபம் எல்லாம் அடக்கம். உள்நாட்டு மதிப்பு 12 சதவீதம். செம்பின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. எந்தத் திறமையான ஆலையும் இதை 35 ஆக்க முடியாது. ஆகவே 35 சதவீதம் என்று எழுதிய சான்றிதழோடு இப்படியொரு குழாய் வந்தால், கேத்தோடு இன்னொரு ஒப்பந்த நாட்டில் உருவானதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பாக இருக்க வேண்டும். முதலாவது சட்டப்படி சரியான வழி. ஒரு ஒப்பந்த நாட்டில் உருவான பொருளை இன்னொரு ஒப்பந்த நாட்டில் பயன்படுத்தினால் அதைச் சொந்த மூலப்பொருளாகவே கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அதற்குச் சான்று எது? ஆசியான் நாடுகளுக்குள் சரக்கு, டி படிவம் என்ற அவர்களின் சொந்த ஒரிஜின் சான்றிதழோடு போகிறது. டி படிவத்தின் விதி வேறு, ஏ.ஐ. படிவத்தின் விதி வேறு. டி படிவத்தைக் காட்டினால் இந்த ஒப்பந்தத்தின்படி ஒரிஜின் நிரூபணமாகிவிட்டது என்று ஒரு சுங்க அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா? தெளிவான பதில் இல்லாததால் நேர்மையான ஆலையும் நேர்மையற்ற ஆலையும் ஒரே சந்தேகத்தைச் சுமக்கின்றன. மூலப்பொருளுக்கு எந்தத் தாள் சான்றாகும் என்று ஒரு பட்டியல் போட்டு உங்கள் முடிவில் இணையுங்கள். இதற்கு ஒப்பந்தத் திருத்தம்கூடத் தேவைப்படாது. ஒரு விளக்கக் குறிப்பு போதும்.

சிறிய தயாரிப்பாளர்கள் தோற்கும் இடம் வேறு. உள்ளூர்க் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குருணை, திருகாணி, பெயின்ட் எந்த நாட்டில் உருவானது என்று விற்றவருக்கே தெரியாது. ஒரிஜின் தெரியாத பொருளெல்லாம் வெளிநாட்டுப் பொருள் என்றுதான் கணக்கில் ஏறும். கணக்கு ஒவ்வொரு சரக்கு அனுப்புகைக்கும் தனித்தனியாகப் போடப்படுவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. 100 டாலர் பொருளில் வெளிப் பொருள் 62 என்றால் உள்மதிப்பு 38, தேறிவிடும். மூலப்பொருள் விலையோ டாலர் மதிப்போ ஏறி அதே 62, 66 ஆகிவிட்டால் 34, தோல்வி. தொழிற்சாலையில் எதுவுமே மாறவில்லை. அதே இயந்திரம், அதே ஆட்கள், அதே செய்முறை. மார்ச் மாதச் சரக்குக்குச் சலுகை உண்டு, மே மாதச் சரக்குக்கு இல்லை என்றால் எந்த வாங்குபவர் ஆண்டு ஒப்பந்தம் போடுவார்? ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதச் சராசரியில் 35 சதவீதத்தைக் கணக்கிட அனுமதியுங்கள். வாகனங்களுக்கு வட அமெரிக்க ஒப்பந்தங்களில் இப்படிச் சராசரி பார்க்கும் முறை இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவுமில்லை.

ஆசியானும் சீனா உள்ளிட்ட நாடுகளும் சேர்ந்த ஆர்.சி.இ.பி. வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா இல்லை என்பதன் விளைவும் இந்தக் கணக்கில்தான் தெரிகிறது. சீனாவிலிருந்து வரும் பாகம் அந்த ஒப்பந்தத்தில் உள்மதிப்பாகச் சேரும், இந்த ஒப்பந்தத்தில் வெளிப் பொருள். வியட்நாமிலோ மலேசியாவிலோ உள்ள ஒரே ஆலை ஒரே பொருளுக்கு இரண்டு செலவுக் கணக்கு வைத்திருக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு மென்பொருள் வேலை. சின்ன நிறுவனம் இரண்டாவது கணக்கைப் போடுவதையே விட்டுவிடுகிறது.

அடுத்தது எச்.எஸ். எண்கள். இதில் ஒரு கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உலக சுங்க அமைப்பு ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை பொருள் வகைப்பாட்டைப் புதுப்பிக்கிறது: 2007, 2012, 2017, 2022. அடுத்தது 2028 ஜனவரி 1. இந்த ஒப்பந்தத்தின் வரி அட்டவணைகள் பேசி முடிக்கப்பட்டது 2007 பதிப்பின் காலத்தில். ஒரு எல்.இ.டி. விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் அதற்கென்று தனித் துணைத் தலைப்பே கிடையாது. 2017இல் 8539.50 என்று ஓர் எண் வந்தது. 2022இல் அது பிரிந்து, விளக்கு 8539.52 ஆனது, உள்ளே இருக்கும் எல்.இ.டி. மாட்யூல் 8539.51 ஆனது. அனுப்பும் நாட்டின் சான்றிதழ் அதிகாரி ஒரு பதிப்பைப் பார்த்து எண் போடுகிறார். வந்து சேரும் நாட்டில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் பத்திரம் இன்னொரு பதிப்பில் போடப்படுகிறது. எண் பொருந்தவில்லை என்று ஒரு கேள்வி கிளம்பும். பொருளில் சந்தேகமில்லை, தாளில் சந்தேகம். கேள்விக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் கன்டெய்னருக்கு டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கிவிடும்.

இதைவிட ஆழமான தொல்லை ஒன்று உண்டு. ஒரிஜின் விதியே துணைத் தலைப்பு மாற்றத்தை நம்பி இருப்பதால், பதிப்பு மாறும்போது விதியும் மாறிவிடுகிறது. மாட்யூலிலிருந்து விளக்குச் செய்வது 2022 பதிப்பின்படி துணைத் தலைப்பு மாற்றம். 2017 பதிப்பின் ஒரே எண்ணில் இரண்டும் அடங்குவதாக எடுத்துக்கொண்டால் மாற்றமே இல்லை. யாரும் பேசி முடிவெடுக்காமலே ஒரு பொருள் சலுகைக்குள் வரலாம், வெளியே போகலாம். ஆகவே 2028 பதிப்புக்கான மாற்று அட்டவணையை 2027 நடுப்பகுதிக்குள் வெளியிடுவது என்று இப்போதே தேதி குறித்துவிடுங்கள். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது, எங்கே ஒன்று இரண்டாகப் பிரிகிறது, பிரியும் இடத்தில் எந்தப் பதிப்பின் விதி செல்லும் என்று மூன்று பத்தி இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் எல்லா நாடுகளின் உள்நாட்டு ஒப்புதலுக்காகக் காத்திருக்காமல், கூட்டுக் குழுவின் முடிவாலேயே இந்த அட்டவணை நடைமுறைக்கு வர வேண்டும். வரி விகிதம் மாறாத, எண் மட்டும் மாறுகிற ஒரு வேலைக்கு அதற்கு மேல் சடங்கு எதற்கு?

சரிபார்ப்புக்கு வருகிறோம். 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில் காரோட்டார் எனப்படும் ஒரிஜின் சரிபார்ப்புச் சுங்க விதிகள் நடப்பில் உள்ளன. சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. இறக்குமதியாளரே ஒரிஜின் பற்றிய விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும், கேட்டால் பத்து வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். விதியின் நோக்கத்தை நாங்கள் ஆதரிக்கிறோம். மூன்றாம் நாட்டுச் சரக்கு ஒப்பந்த நாட்டின் முத்திரையோடு வருவதைத் தடுக்க ஏதாவது வேண்டும்தான். ஆனால் அந்தப் படிவம் கேட்பது என்ன? பொருள் எப்படித் தயாரானது, எந்தெந்த மூலப்பொருள், அதில் வெளிநாட்டுப் பங்கு எவ்வளவு, உள்மதிப்பு எத்தனை சதவீதம். இதையெல்லாம் விற்பவர் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த பேரத்தில் வாங்குபவர் அந்தக் கணக்கை வைத்தே விலையைக் குறைப்பார். அதனால் விற்பவர் சொல்வதில்லை. அல்லது எதற்கும் பொருந்தும் மாதிரி இரண்டு வரி எழுதி அனுப்புகிறார். அந்த இரண்டு வரி சுங்க அதிகாரிக்குத் திருப்தி தருவதில்லை. தவறு யாருடையது? வியாபார ரகசியத்தை வியாபாரியின் எதிர்த்தரப்பு வழியாகக் கேட்கும் அமைப்புதான் தவறு. செலவு விவரத்தைத் தயாரிப்பாளர் தம் நாட்டுச் சான்றிதழ் அதிகாரியிடம் மூடிய உறையில் கொடுக்கட்டும். அங்கிருந்து நேராக இறக்குமதி நாட்டுச் சுங்கத்துக்குப் போகட்டும். இறக்குமதியாளர் கையில் 'விவரம் ஒப்படைக்கப்பட்டது' என்ற குறிப்பு எண் மட்டும் இருந்தால் போதும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்து சரிபார்ப்புக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ரூபாயில் சொல்லிவிடுகிறோம். 50 லட்சம் ரூபாய்ச் சரக்கு. பொது வரி 7.5 சதவீதம், ஒப்பந்த வரி பூஜ்யம் என்று கொள்வோம். வரியின் மீது 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்தால் 8.25 சதவீதம், அதாவது 4,12,500 ரூபாய். அந்தத் தொகையின் மீது 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி., 74,250. ஆக 4,86,750 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதமோ ரொக்கப் பிணையோ கொடுத்துத்தான் சரக்கை எடுக்க முடியும். பதில் வரும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். கேள்வி ஒரு தலைநகரிலிருந்து கிளம்பி, அடுத்த நாட்டின் அமைச்சகம் வழியாகச் சான்றிதழ் கொடுத்த கிளை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகிறது. இதற்கிடையே அதே ஆலையின் அதே பொருள் அடுத்த கப்பலில் வந்தால் அதற்கும் பிணை. பொருள் தகுதியற்றது என்று ஒரு முறை முடிவாகிவிட்டால், அதே தயாரிப்பாளரின் அதே வகைச் சரக்கைக் கொண்டுவந்த மற்ற இறக்குமதியாளர்களின் சலுகையும் மறுக்கப்படலாம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 60 நாள் என்று இந்திய விதி சொல்கிறது. அதையே இரு தரப்புக்கும் பொதுக் கெடுவாக ஆக்குங்கள். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் என்ன என்பதையும் எழுதுங்கள். எங்கள் கருத்து இது: பதில் சொல்லாத அதிகாரியின் நாடு கணக்குச் சொல்ல வேண்டும், அந்தத் தாமதங்களின் எண்ணிக்கை, நாட்டுவாரியாக, உங்கள் ஆண்டுக் கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டும். பெயரோடு பட்டியல் வந்தால் கோப்புகள் நகரும்.

சரிபார்ப்புக்குப் போகும் கேள்விகளில் ஒரு பகுதி உண்மையான ஒரிஜின் சந்தேகமே அல்ல என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். சான்றிதழில் கையெழுத்திட்ட அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து துறைமுகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. முத்திரை மாறிவிட்டது, புதிய முத்திரையின் படிவம் தலைநகரிலேயே நிற்கிறது. கப்பல் கிளம்பி மூன்று வேலை நாளுக்குப் பிறகு வழங்கப்பட்டது, ஆனால் 'பின்னர் வழங்கப்பட்டது' என்ற குறிப்புப் போடப்படவில்லை. பொருளை வியட்நாமில் செய்து, சிங்கப்பூர் நிறுவனம் பில் போட்டிருக்கிறது. சான்றிதழில் இருப்பது ஆலையின் எஃப்.ஓ.பி. விலை, பில்லில் இருப்பது வியாபாரியின் விலை, மூன்றாம் தரப்புப் பில் என்ற கட்டத்தில் டிக் இல்லை. இவை அத்தனைக்கும் மருந்து ஒன்றுதான்: தாளை விட்டுவிட்டு மின்னணுப் பரிமாற்றத்துக்கு வருவது. ஆசியானின் பத்து நாடுகளும் 2019 முடிவதற்குள் ஒற்றைச் சாளர அமைப்பில் இணைந்து மின்னணு டி படிவத்தைப் பரிமாறத் தொடங்கிவிட்டன. இந்தியாவும் சான்றிதழ் விண்ணப்பத்தை இணையத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. 2020இல் கொரோனா காலத்தில் அசல் தாள் பிறகு வரும் என்ற நிபந்தனையோடு நகலை வைத்தே சரக்கை விட்டார்கள், வர்த்தகம் நின்றுவிடவில்லை. இரண்டு கணினிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் அடைக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்த கணினியே அதை நேராகச் சுங்கத்தின் கணினிக்கு அனுப்பினால் மாதிரிக் கையெழுத்து என்ற பிரச்சினையே எழாது, போலிச் சான்றிதழும் பிழைக்காது. தயாராக இருக்கும் இரண்டு மூன்று நாடுகளோடு தொடங்குங்கள். எல்லோரும் தயாராகும்வரை காத்திருக்காதீர்கள்.

நேரடிப் போக்குவரத்து விதி பற்றித் தூத்துக்குடிக்கு வரும் சரக்கை வைத்து ஒரு வார்த்தை. அங்கே பெரும்பகுதி கன்டெய்னர்கள் கொழும்பில் கப்பல் மாறி வருகின்றன. இலங்கை இந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஒப்பந்தம் இதைத் தடுக்கவில்லை. ஏற்றுமதி நாட்டில் கொடுத்த முழுவழி பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்குச் சீட்டு, இருந்து, இடைவழியில் சரக்கு விற்பனைக்கோ நுகர்வுக்கோ போகவில்லை என்று காட்டினால் போதும். ஆனால் நடைமுறையில் சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர் ஒரு பில் போடுவார், கப்பல் நிறுவனம் இன்னொரு பில் போடும், கொழும்பிலிருந்து வரும் ஃபீடர் எனும் சிறு இணைப்புக் கப்பலுக்கு வேறொரு எண். முழுவழி பில் துண்டு துண்டாகிவிடுகிறது. கன்டெய்னர் எண்ணும் சீல் எண்ணும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒன்றாக இருந்தால் அதையே நேரடிப் போக்குவரத்துக்குச் சான்றாக ஏற்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். சீல் உடைக்கப்படாத பெட்டிக்குள் சரக்கு மாற முடியாது.

சலுகை வரிக்கே அர்த்தமில்லாமல் போன பொருள்களும் உண்டு. கச்சா பாமாயிலுக்கு 80 சதவீதத்திலிருந்து 37.5 சதவீதம்வரை இறங்குவது என்று பேசி முடித்தார்கள். இந்தியா 2025 மே 30 அன்று எல்லா நாட்டுக்குமான அடிப்படை வரியையே 10 சதவீதமாகக் குறைத்தது. அந்த நிலையில் ஏ.ஐ. படிவத்தை வைத்து எந்த இறக்குமதியாளரும் எதுவும் செய்வதற்கில்லை. மிளகில் கதை மறுபக்கம்: 70இலிருந்து 50 சதவீதத்துக்கு இறங்கியது, ஆனால் 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. விலை சரிந்து தவித்த மிளகு விவசாயிக்கு அது தேவைப்பட்டது. எனினும் வரி அட்டவணையைப் பார்த்துத் திட்டமிடும் ஏற்றுமதியாளருக்கு உண்மை நிலை அட்டவணையில் இல்லை. இப்படிப்பட்ட நடவடிக்கைகளை எடுக்கும் நாடு முப்பது நாளுக்குள் கூட்டுக் குழுவுக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், முடியும் தேதியையும் சொல்ல வேண்டும் என்று ஓர் ஒழுங்கு வையுங்கள். இந்தியாவின் தரக் கட்டுப்பாட்டு ஆணைகளுக்கும் ஆசியான் நாடுகளின் இறக்குமதி அனுமதி முறைகளுக்கும் இது பொருந்தும்.

ஒப்பந்தம் உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது? இந்தக் கேள்விக்கு உங்கள் கூட்டத்தில் ஒரு பொது எண் வைக்கப்பட வேண்டும். எத்தனை சான்றிதழ் வழங்கப்பட்டது என்று எண்ணுவது போதாது; வாங்கியும் பயன்படுத்தாமல் விட்ட சான்றிதழ்கள் அதில் கலந்திருக்கும். சரியான அளவு இறக்குமதிப் பக்கத்தில்தான் கிடைக்கும்: சலுகைக்குத் தகுதியான இறக்குமதி மதிப்பு எவ்வளவு, அதில் சலுகை கேட்டு வந்தது எவ்வளவு, கேட்டதில் மறுக்கப்பட்டது எவ்வளவு. ஆறு இலக்க எண்வாரியாக எல்லா நாடுகளும் ஆண்டுக்கு ஒரு முறை இந்த மூன்று எண்களை வெளியிட்டால், எந்தப் பொருளில் விதி கடுமையாக இருக்கிறது, எந்தப் பொருளில் சந்தேகத்துக்கிடமாகத் திடீர் வீக்கம் இருக்கிறது என்று இரண்டுமே வெளிச்சத்துக்கு வரும். உள்நாட்டு உற்பத்தியாளரின் புகாரும் ஏற்றுமதியாளரின் புகாரும் அதே அட்டவணையில் சோதிக்கப்படும். பயன்பாடு குறைவாக இருக்கும் இடத்தில் காரணம் பெரும்பாலும் சின்னக் கணக்குதான். 20,000 டாலர் சரக்குக்கு 7.5 சதவீதம் மிச்சம் என்றால் 1,500 டாலர். அதற்காகச் செலவுக் கணக்கு, சான்றிதழ், கூரியர் எல்லாம் செய்யலாம். 2.5 சதவீதம் என்றால் 500 டாலர். ஒரு முறை சரிபார்ப்பில் மாட்டினால் அது போய்விடும் என்று தெரிந்தவர் பொது வரியையே கட்டிவிட்டுப் போவார்.

2025 அக்டோபரில் திமோர் லெஸ்தே ஆசியானின் பதினோராவது உறுப்பினரானது. இந்த ஒப்பந்தத்தில் அது சேரும் தேதி, சேர்ந்த பின் சான்றிதழ் வழங்கும் அலுவலகம் எது, அதுவரை அங்கிருந்து வரும் மூலப்பொருள் எந்தக் கணக்கில் சேரும் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். அறிவிப்பு வரும்வரை எங்களால் அதை வெளிப் பொருளாகத்தான் போட முடியும்.

கடைசியாக, கூட்டம் நடத்தும் முறை பற்றி. உங்கள் கூட்டறிக்கைகளில் அமைச்சர்கள் வரவேற்றனர், குறித்துக்கொண்டனர், அதிகாரிகளைப் பணித்தனர் என்று இருக்கும். பணித்த வேலை என்ன ஆனது என்று அடுத்த ஆண்டு அறிக்கையில் தேடினால் அதே வாக்கியம் வேறு தேதியில் இருக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் பொறுப்பான துணைக் குழுவின் பெயர், முடிக்க வேண்டிய தேதி, போன ஆண்டு முடிவின் இன்றைய நிலை ஆகிய மூன்றும் கொண்ட ஓர் இணைப்பை அறிக்கையோடு வெளியிடுங்கள். கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே வரைவு நிகழ்ச்சி நிரலைப் பொதுவில் வைத்து, எழுத்து மூலம் கருத்துக் கேளுங்கள். பொருள்வாரி விதிகளின் வரைவு வந்தால், செலவுக் கணக்கோடு நாங்கள் பதில் எழுதத் தயாராக இருக்கிறோம். ஒவ்வொரு பொருளுக்கும் எந்த விதி தேறும், எது தேறாது என்று எண்ணிலேயே காட்ட முடியும். சராசரிக் கணக்கு, மூலப்பொருள் சான்றுப் பட்டியல், சீல் எண் விதி ஆகிய மூன்றையும் விளக்கக் குறிப்பாகவே இந்த ஆண்டு கூட்டத்தில் ஏற்க முடியுமா என்று உங்கள் சட்ட அதிகாரிகளிடம் கேட்டு, முடியாது என்றால் எந்த ஷரத்து தடுக்கிறது என்பதை எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒப்பந்தச் சரக்குகளின் ஒரிஜின் சான்றிதழ், செலவுக் கணக்கு, சுங்க ஆவணப் பணிகளில் இருப்போர்